சேனல்ல பேசுறதை எல்லாம் பப்ளிக் லாக்கா போடலாமா? ரெண்டு வாரமா இதே பஞ்சாயத்து

அரைகுறை_மெயின்டெய்னர்:

வணக்கம் மக்களே. எங்களோடது ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (கோடை யார் வேணா பாக்கலாம், மாத்தலாம்). மெயின்டெய்னர்னு, அதாவது பொறுப்பா பாத்துக்கிறவங்கன்னு சொல்லிக்க நாங்க அஞ்சு பேர், அப்பப்ப பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்புறவங்க ஒரு முப்பது பேர் இருப்பாங்க. ஆறு வருஷமா பேச்செல்லாம் ஐஆர்சிங்கற பழைய டெக்ஸ்ட் சாட்லதான், நடுவுல மேட்ரிக்ஸ்ங்கற இன்னொரு சாட்டை அதோட பிரிட்ஜ் போட்டு (இங்க போடற மெசேஜ் அங்கயும் போகும்) இணைச்சோம், அப்புறம் யாரோ கேட்டாங்கன்னு ஒரு டெலிகிராம் க்ரூப்பையும் அதுல கோத்துவிட்டோம். மெயிலிங் லிஸ்ட்டும் ஒண்ணு இருக்கு, பேருக்கு.

போன மாசம் புதுசா வந்த ஒருத்தர் "கான்ஃபிக் ஃபைல் ஃபார்மட்டை ஏன் பாதியில மாத்தினீங்க, பழசு நல்லாதானே இருந்துச்சு"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. எங்க அஞ்சு பேர்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. கமிட் மெசேஜைப் (கோடை மாத்தறப்ப கூடவே எழுதற குறிப்பு) போய் பாத்தா "சேனல்ல பேசினபடி மாத்தியாச்சு"ன்னு ஒரே வரி. என்ன பேசினோம், யார் சொன்னது, ஒண்ணும் ஞாபகம் இல்ல. வெக்கமா போச்சு.

அதனால இனிமே ஒரு பாட் (தானா ஓடுற ப்ரோக்ராம்) வச்சு சேனல் பேச்சு முழுக்க வெப்ல போட்டுடலாம், என்கிட்ட இருக்கிற ஆறு வருஷ பழைய லாக்கையும் அப்படியே ஏத்திடலாம்னு நான் சொன்னேன். மூணு பேர் சரின்னாங்க. ஆனா எங்களோட ரொம்ப நாளா இருக்கிற ஒரு மெயின்டெய்னர் கொதிச்சுட்டார். "நான் திண்ணைல உக்காந்து பேசுற மாதிரி பேசினதை நீ கல்வெட்டுல வெட்டி வைக்கப் போறியா, அப்படின்னா நான் சேனலை விட்டே போறேன்"ங்கறார். எனக்குக் குழப்பம் என்னன்னா, அது பூட்டு இல்லாத சேனல், யார் வேணா உள்ள வரலாம், யார் வேணா அவங்க மெஷின்ல லாக் எடுத்துக்கலாம், அப்புறம் அதுல என்ன ரகசியம்? ஓப்பன் சோர்ஸ்னு சொல்லிட்டு பேச்சை மட்டும் மறைச்சு வைக்கிறது சரியா? மத்த ப்ராஜெக்ட்லாம் எப்படி பண்றாங்க? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.


பழைய_மோடம்:

தம்பி, போட்டுடு. யோசிக்கவே வேணாம்.

நிறைய ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் நடத்துற அப்பாச்சி ஃபவுண்டேஷன் ஆளுங்க ஒரு வார்த்தை சொல்லுவாங்க, மெயிலிங் லிஸ்ட்ல நடக்கலைன்னா அது நடக்கவே இல்லைன்னு. சாட்ல எவ்ளோ வேணா பேசிக்கோ, ஆனா முடிவுன்னு ஒண்ணு வந்தா அது லிஸ்ட்டுக்கு வந்தாகணும், ஓட்டெடுப்பு வச்சா குறைஞ்சது 72 மணி நேரம் திறந்து வைக்கணும். எதுக்கு? நீ முழிச்சிருக்கிற நேரம் இன்னொருத்தன் தூங்கிட்டு இருப்பான், வேலைக்குப் போற ஆளு சனி ஞாயிறுதான் எட்டிப் பாப்பான், அவனுக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ல. டெபியன்னு ஒரு லினக்ஸ் ப்ராஜெக்ட், அவங்க கொள்கை அறிக்கையான சோஷியல் கான்ட்ராக்ட்ல 1997-லயே பிரச்சினைகளை மறைக்க மாட்டோம், பக் டேட்டாபேஸ் எப்பவும் எல்லாருக்கும் திறந்தே இருக்கும்னு எழுதி வச்சுட்டாங்க. லினக்ஸ் கர்னல் லிஸ்ட்ல எவ்ளோ அடிதடி நடந்தாலும் ஆர்க்கைவ்ல அப்படியே கிடக்கும். 1991 ஆகஸ்ட் 25-ல லினக்ஸை ஆரம்பிச்ச டோர்வால்ட்ஸ் மினிக்ஸ்ங்கற ஓஎஸ்ஸோட நியூஸ்க்ரூப்ல "சும்மா ஒரு பொழுதுபோக்கு, பெருசால்லாம் வராது"ங்கற மாதிரி போட்ட அறிவிப்பை இன்னிக்கும் நாம படிக்க முடியுது. அன்னிக்கு அவர் அதை ஒரு சாட் ரூம்ல சொல்லியிருந்தா காத்தோட போயிருக்கும்.

இன்னொண்ணு, எக்ஸ்இசட்ங்கற ஃபைல் சுருக்குற டூல் விவகாரம் ஞாபகம் இருக்கா? 2024 மார்ச் 29-ல ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒரு டெவலப்பர் ஓஎஸ்எஸ்-செக்யூரிட்டி லிஸ்ட்ல எழுதினார். எஸ்எஸ்ஹெச் (தூரத்து மெஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட்டாகுதேன்னு தோண்டிப் பாத்ததுல 5.6.0, 5.6.1 ரெண்டு வெர்ஷன்லயும் பின்கதவு வச்சிருந்தது தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் சுவாரஸ்யமே. அந்த ப்ராஜெக்ட்டோட மெயிலிங் லிஸ்ட் ஆர்க்கைவ் பப்ளிக்கா இருந்ததால யாரு எப்ப உள்ள வந்தாங்க, 2022-ல எந்தெந்த பேர்ல வந்து "பேட்ச் தேங்குது, வேற ஆளை மெயின்டெய்னரா சேருங்க"ன்னு பழைய மெயின்டெய்னரை நெருக்கினாங்க, எல்லாத்தையும் ஊர் உலகமே உக்காந்து வரிசையா கோத்துப் பாத்துச்சு. இதே பேச்சு டிஸ்கார்ட்ல நடந்திருந்தா? உள்ள போகாம தேடவே முடியாது, சர்ச் எஞ்சினுக்கு அது கண்ணுலயே படாது. ஸ்லாக் ஃப்ரீ ப்ளான்ல நடந்திருந்தா இன்னும் மோசம், 2022 செப்டம்பர்ல இருந்து 90 நாளுக்கு மேல பின்னாடி போய் பாக்கவே விடமாட்டான்.

கோச்சுக்கிறவர் கோச்சுக்கட்டும். ரெண்டு வாரத்துல மறந்துடுவார்.


சாம்பல்_பூனை:

மோடம் அண்ணா சொன்னது முக்கால்வாசி சரி, ஆனா "கோச்சுக்கட்டும்"னு ஈஸியா சொல்லிட்டீங்க. அந்தப் பக்கம் நின்ன ஆளு நான்.

எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. சொந்தப் பேரையே நிக்கா (சேனல்ல காட்டுற பேர்) வச்சுக்கிட்டு ஒரு பெரிய ப்ராஜெக்ட் சேனல்ல போய் கிட்ல (கோட் மாத்தங்களை வச்சுக்கிற டூல்) எதையோ கெடுத்துட்டு அழாத குறையா உதவி கேட்டேன். ஒருத்தர் நக்கலடிச்சார், நானும் சின்னப்புள்ளத்தனமா பதிலுக்கு ஏதோ சொன்னேன். அரை மணி நேரக் கதை. அந்த சேனல் லாக் ஆகுதுன்னு எனக்குத் தெரியாது, டாபிக்ல (சேனலுக்கு மேல எல்லாருக்கும் தெரியற அறிவிப்பு வரி) எங்கயும் போடலை. ஏழு வருஷம் கழிச்சு ஒரு இன்டர்வியூல எதிர்ல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே அதைக் கேட்டார். வேலை கிடைச்சுதா இல்லையாங்கறது வேற விஷயம், ஆனா எனக்கு வயித்தைப் பிசைஞ்சது பாருங்க அதை மறக்க முடியாது. அந்த லாக் வச்சிருந்தவருக்கு மெயில் போட்டேன், பதிலே இல்ல.

யார் வேணா லாக் எடுக்கலாம்தானேன்னு கேள்வி கேட்டவர் சொல்றார். எடுக்கலாம்தான். ரோட்டுல ரெண்டு பேர் பேசிட்டுப் போறது போறவன் வர்றவன் காதுல விழும், அதுக்காக அதை அச்சடிச்சு நூலகத்துல வச்சா அது வேற. ஐஆர்சி 1988-ல வந்தது, சர்வர் தானா எதையும் சேத்து வைக்காது, பேசினா போச்சு, அதனாலதான் அங்க ஜனங்க மனசு விட்டுப் பேசிப் பழகினாங்க. இந்தப் பழக்கம் தெரிஞ்சுதான் ஐஆர்சி நெட்வொர்க்குகளே வழிமுறை போட்டு வச்சிருக்கு. முன்னாடி ஃப்ரீநோட், 2021-ல அதுல இருந்து ஸ்டாஃப் வெளிய வந்து ஆரம்பிச்ச லிபெரா சாட், ரெண்டுலயுமே பப்ளிக் லாக் போட்டா டாபிக்ல சொல்லிடுங்கன்னுதான் இருக்கு. விக்கிபீடியாவை நடத்துற விக்கிமீடியாவோட சேனல்கள் நிறையதுல பப்ளிக் லாக்கிங் கூடவே கூடாது, ஆனா சர்வர்ல என்ன மாத்தினாங்கங்கறது மட்டும் சர்வர் அட்மின் லாக்னு தனியா எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கும். உபுண்டு லினக்ஸ் ஆளுங்க நேரெதிர், அவங்க சேனல் லாக்குக்குன்னே தனி சைட் வச்சிருக்காங்க. ஓப்பன் சோர்ஸ்னா இப்படித்தான்னு ஒரே வழி கிடையாது.

எக்ஸ்இசட் உதாரணத்துல இன்னொரு பக்கம் இருக்கே அண்ணா, அதை ஏன் விட்டுட்டீங்க. அதே பப்ளிக் ஆர்க்கைவ்லதான் அந்தப் பழைய மெயின்டெய்னர் தன்னோட மன ஆரோக்கியப் பிரச்சினையைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தார், நெருக்கடி தாங்காம. லிஸ்ட்ல இருந்த கொஞ்சம் பேருக்கு எழுதினது. 2024-ல அதை உலகமே படிச்சுது, கட்டுரைல எல்லாம் மேற்கோள் காட்டினாங்க. குற்றத்தைக் கண்டுபிடிக்க அந்த ஆர்க்கைவ் உதவுச்சு, ஒத்துக்கிறேன். அதுக்கு விலை கொடுத்தது யாரு?

பை தி வே, பழைய லாக்கை அப்படியே ஏத்தறேன்னு சொல்றீங்களே, அதுல ஜாயின் க்விட் வரியெல்லாம் (யார் உள்ள வந்தாங்க, வெளிய போனாங்கங்கற வரி) இருக்கா? க்ளோக், அதாவது முகவரியை மறைக்கிற திரை போடாதவங்களோட ஹோஸ்ட்நேம், ஐபி அட்ரஸ் எல்லாம் அந்த வரில அப்படியே இருக்கும். ஒருத்தர் எத்தனை மணிக்கு வர்றார், எத்தனை மணிக்குத் தூங்கப் போறார், எந்த நாள் லீவுல இருந்தார்னு ஆறு வருஷக் கணக்கை எடுத்துடலாம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணை ஒருத்தன் இப்படித்தான் நோட்டம் விட்டான்.


ஒருவரி_ஆசாமி:

புதுசைப் போடுங்க. பழசைத் தொடாதீங்க. அவ்ளோதான் மேட்டர்.


அரைகுறை_மெயின்டெய்னர்:

ஐயோ அந்த ஜாயின் க்விட் வரி பத்தி நான் யோசிக்கவே இல்ல பூனை அக்கா. இப்பதான் திறந்து பாத்தேன், கொத்து கொத்தா ஐபி. நல்லவேளை ஏத்தலை. டாபிக்லயும் நாங்க இதுவரைக்கும் ஒண்ணும் போட்டதில்ல.

இன்னும் ரெண்டு சந்தேகம். செக்யூரிட்டி ஓட்டை பத்தி யாராவது சேனல்லயே வந்து கொட்டிட்டா என்ன பண்றது? அப்புறம் மேட்ரிக்ஸ் பக்கம் செட்டிங்க்ஸ்ல ஹிஸ்டரி எல்லாரும் பாக்கலாம்னு மாத்தினா பழைய மெசேஜும் வெளிய வந்துடுமா?


மீட்பாட்_ரசிகை:

வேலை முடிச்சுட்டு வந்து முழுசா படிச்சேன். ஒரு ப்ராஜெக்ட்ல நாலு வருஷம் இந்த லாக் பாட்டை நான்தான் பாத்துக்கிட்டேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல மேட்ரிக்ஸ். அதுல ஹிஸ்டரி யாருக்குத் தெரியணும்ங்கறதுக்கு நாலு நிலை இருக்கு. சேந்ததுக்கு அப்புறம் வந்தது மட்டும், அழைப்பு வந்ததுல இருந்து, உறுப்பினர்னா பழசும் சேத்து, கடைசியா யார் வேணா பாக்கலாம். ஒரு மெசேஜ் போட்ட நேரத்துல எந்த நிலை இருந்துச்சோ அதுதான் அந்த மெசேஜுக்குச் செல்லும். இன்னிக்கு மாத்தினா இன்னில இருந்துதான். அதனால அந்தக் கவலை வேண்டாம். ஆனா பிரிட்ஜ் இருக்கு பாருங்க, அங்கதான் வில்லங்கம். மேட்ரிக்ஸ்ல ஒருத்தர் மெசேஜை அழிச்சா ஐஆர்சி பக்கம் போனது போனதுதான், பாட் எழுதி வச்ச ஃபைல்லயும் அப்படியே இருக்கும். எங்க ஆளு ஒருத்தர் பாஸ்வேர்டை தப்பா பேஸ்ட் பண்ணிட்டு உடனே அழிச்சுட்டேன்னு நிம்மதியா இருந்தார், அது எங்க லாக் பக்கத்துல மூணு நாள் கிடந்துச்சு. அதுக்கப்புறம்தான் பாட்டுக்கு ஒரு நாள் தாமதம் வச்சோம். இன்னிக்குப் பேசுனது நாளைக்குத்தான் வெப்ல வரும், அதுக்குள்ள நீக்கணும்னா சொல்லிடலாம். இந்த ஒரு மாத்தத்துலயே பாதி சண்டை அடங்கிடுச்சு.

செக்யூரிட்டி விஷயத்துல எல்லாத்தையும் திறந்து வைக்கிற ப்ராஜெக்ட்கூட ஒரு அறையைப் பூட்டித்தான் வச்சிருக்கும். அப்பாச்சிலயும் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு தனி லிஸ்ட் உண்டு, புது கமிட்டரைச் (நேரா கோடை மாத்த உரிமை உள்ளவர்) சேக்கலாமாங்கறதைக்கூட அங்கதான் பேசுவாங்க, ஆள் பத்தின பேச்சை அவர் முன்னாடி வச்சுப் பேச முடியாதுல்ல. லினக்ஸ் டிஸ்ட்ரோக்களுக்குன்னு (டெபியன், உபுண்டு மாதிரி) இருக்கிற மூடின லிஸ்ட்ல ஓட்டையை அதிகபட்சம் 14 நாள்தான் மறைச்சு வைக்கலாம், அப்புறம் வெளிய சொல்லியே ஆகணும். எனக்குப் பிடிச்சது அந்தக் கெடுதான். பூட்டுறது தப்பில்ல, எப்ப திறப்போம்னு முன்னாடியே சொல்லிட்டுப் பூட்டணும். நீங்க ஒரு மெயில் ஐடி வச்சு "ஓட்டைன்னா இங்க எழுதுங்க"ன்னு டாபிக்லயே போட்டுடுங்க. அப்படியும் சேனல்ல கொட்டிட்டா அதை ரகசியம்னு நினைக்காதீங்க, வெளிய போயிடுச்சுன்னு வச்சுக்கிட்டு சீக்கிரமா ஃபிக்ஸ் விடுங்க.

பழைய லாக் பத்தி ஒருவரி ஆசாமி சொன்னதுதான் சரி, அதுக்கு டெபியன்லயே ஒரு கதை இருக்கு. அவங்க டெவலப்பர்களுக்கு மட்டும்னு ஒரு ப்ரைவேட் லிஸ்ட் உண்டு. 2005-ல ஓட்டுப் போட்டு, அதுல வர்றதை மூணு வருஷம் கழிச்சு வெளிய விடலாம், ஆனா எழுதினவங்க ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு கொடுக்கணும்னு முடிவு பண்ணாங்க. நல்ல மனசுதான். ஆனா ஆயிரக்கணக்கான மெயிலை ஒவ்வொண்ணா படிச்சு, எழுதினவரைத் தேடிக் கேட்டு, எதை நீக்கணும்னு பாக்க யாருக்கு நேரம்? கடைசில 2016-ல மறுபடி ஓட்டெடுத்து அந்த லிஸ்ட் ப்ரைவேட்டாவே இருக்கட்டும்னு ஒத்துக்கிட்டாங்க. அவ்ளோ பெரிய அமைப்புக்கே முடியலை, அஞ்சு பேர் நீங்க ஆறு வருஷத்தைக் கையில எடுக்காதீங்க.

இப்ப உங்க அசல் பிரச்சினைக்கு வர்றேன். கான்ஃபிக் ஃபார்மட் ஏன் மாறிச்சுன்னு தெரியல, அதானே? பப்ளிக் லாக் இருந்தாலும் அந்தப் புது ஆளு அதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டார். எதுக்கும் உதவாத ஆயிரம் வரி, நடுவுல நாலு பேர் வேற வேற விஷயம் பேசிட்டு இருப்பாங்க, "அதேதான்", "ஓகே பண்ணிடு"ன்னு வரும், எதுக்கு ஓகேன்னு யாருக்கும் தெரியாது. லாக் ஆதாரம், ஆவணம் இல்ல. நாங்க என்ன பண்ணோம்னா, முடிவு எடுக்கிற பேச்சை மட்டும் மீட்பாட்ங்கற மீட்டிங் பாட் வச்சு மீட்டிங்கா நடத்தினோம். ஸ்டார்ட்மீட்டிங்னு ஒரு கமாண்ட் கொடுத்தாதான் பதிவு ஆரம்பிக்கும், எண்ட்மீட்டிங் கொடுத்தா நிக்கும், நடுவுல ஒத்துக்கிட்டதை ஒரு கமாண்ட், யாருக்கு என்ன வேலைங்கறதை ஒரு கமாண்ட். முடிஞ்சதும் சுருக்கமும் முழு லாக்கும் தானா ஒரு பக்கத்துல வந்துடும். டெபியன், ஃபெடோரா மாதிரி லினக்ஸ் ப்ராஜெக்ட்லாம் இதைத்தான் வருஷக்கணக்கா ஓட்டுறாங்க. பேசுறவங்களுக்கும் தெரியும், இப்ப விளக்கு எரியுது, பாத்துப் பேசணும்னு. விளக்கு அணைஞ்சா வழக்கமான அரட்டை.

மீட்டிங் வைக்க சோம்பலா இருந்தா அதுவும் வேணாம். கமிட் மெசேஜ்ல "சேனல்ல பேசினபடி"ன்னு எழுதறதை இன்னில இருந்து தடை பண்ணுங்க. காரணத்தை அங்கயே நாலு வரி எழுத வைங்க. ரிவ்யூல அது இல்லன்னா திருப்பி அனுப்புங்க. எங்க ப்ராஜெக்ட்ல லாக் பாட் செஞ்சதை விட இது செஞ்சதுதான் அதிகம்.


பழைய_மோடம்:

ஜாயின் க்விட் வரி விஷயத்துல பூனை சொன்னது சரி, நான் என்னோட பழைய சேனல் லாக்கைப் போய் பாத்தேன், பதினோரு வருஷமா ஐபியோட தொங்கிட்டு இருந்துச்சு. இப்பதான் எடுத்துவிட்டேன். அந்த இன்டர்வியூ கதைக்கும் சாரிம்மா.

ஆனா மீட்பாட் அம்மா சொல்றதுல எனக்கு ஒரு பயம் இருக்கு. விளக்கு எரியறப்ப ஒரு பேச்சு, அணைஞ்சா ஒரு பேச்சுன்னா, அசல் முடிவெல்லாம் இருட்டுலயே எடுத்துட்டு மீட்டிங்ல வந்து தலையாட்டுற நாடகம்தான் நடக்கும். நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல அதான் ஆச்சு. லாக் போட ஆரம்பிச்ச மாசத்துலயே சேனல் சுடுகாடு மாதிரி ஆயிடுச்சு. என்னடான்னு பாத்தா நாலு பேர் டிஎம்ல (தனி மெசேஜ்ல) தனி க்ரூப் போட்டுட்டாங்க. நான் அந்த க்ரூப்ல இல்ல! வெளிய இருந்து பேட்ச் அனுப்புறவன் பாத்தா எல்லாம் முடிஞ்சு போய் கிடக்கும், ஏன்னு கேட்டா "பேசியாச்சு". அந்த ப்ராஜெக்ட் வெளிப்படையா இருக்குன்னு பேரு, எல்லா மீட்டிங் லாக்கும் இருக்கு, ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல.


மீட்பாட்_ரசிகை:

அது நடக்கும் மோடம் சார், எங்களுக்கும் நடந்துச்சு. முழு சேனலையும் லாக் பண்ணப்பதான் அதிகமா நடந்துச்சு, மீட்டிங் மட்டும்னு குறைச்சப்ப கொஞ்சம் திரும்பி வந்தாங்க. முழுசா தடுக்க வழி எனக்குத் தெரியல. டிஎம்ல பேசிட்டு வர்றவர்கிட்ட "இதை சேனல்ல ஒருதடவை சொல்லுங்க"ன்னு நச்சரிச்சுக்கிட்டே இருக்கணும், ஒரு ஆளாவது அந்தக் கெட்ட பேரை எடுத்துக்கணும். எங்க ப்ராஜெக்ட்ல அது நான்தான்.


சாம்பல்_பூனை:

இன்னொண்ணு மட்டும் சேத்துக்கோங்க. லாக் பக்கம் வச்சா நீக்கச் சொல்லி எழுத ஒரு முகவரி, அதுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள். ஐரோப்பால 2018 மே 25-ல இருந்து ஜிடிபிஆர்ங்கற தனிநபர் தகவல் சட்டத்தோட 17-வது பிரிவுப்படி அழிக்கச் சொல்லிக் கேக்கற உரிமை இருக்கு, உங்க பங்களிப்பாளர்ல யார் எங்க இருக்காங்கன்னு உங்களுக்கே தெரியாது. சட்டத்தை விடுங்க, பத்தொம்பது வயசுல உளறினதை எடுத்துடுங்கன்னு ஒருத்தர் கேட்டா பதிலாவது போடுங்க. அப்புறம் ரோபாட்ஸ் ஃபைல்ல (சர்ச் எஞ்சின் பாட்டுக்குச் சொல்ற ஃபைல்) வராதேன்னு எழுதி வச்சா நல்ல பிள்ளைங்க கேக்கும், சுரண்டுற பாட்டெல்லாம் கேக்காது, அதை நம்பி இருக்காதீங்க.


அரைகுறை_மெயின்டெய்னர்:

பத்து நாள் கழிச்சு வந்து அப்டேட் போடறேன், எல்லாருக்கும் நன்றி.

பழைய லாக்கை ஏத்தலை. சேனல் டாபிக்ல ரெண்டு வாரம் முன்கூட்டியே அறிவிப்பு போட்டிருக்கோம், அடுத்த மாசம் ஒண்ணாம் தேதில இருந்து டெவலப்மென்ட் சேனல் மட்டும் லாக் ஆகும், ஒரு நாள் தாமதத்தோட, ஜாயின் க்விட் வரி இல்லாம. அரட்டைக்குத் தனி ரூம், அங்க பாட் கிடையாது. டெலிகிராம்ல இருக்கிறவங்களுக்கு ஐஆர்சி டாபிக் தெரியாதுங்கறது நேத்துதான் மண்டைல உறைச்சுது, அங்க பின் பண்ணி வச்சிருக்கோம், புதுசா சேர்றவங்களுக்கு பிரிட்ஜ் பாட்டே ஒரு வரி சொல்ற மாதிரி ஒருத்தர் எழுதிக்கிட்டு இருக்கார். அது முடியற வரைக்கும் டெலிகிராம்ல இருந்து வர்ற மெசேஜை லாக்ல சேக்கறதில்லன்னு வச்சிருக்கோம், பாதி உரையாடல் ஒரு பக்கம் போன்ல பேசுறதைக் கேக்கற மாதிரி இருக்கும், பரவால்ல.

அப்புறம் அந்த கான்ஃபிக் ஃபார்மட் கதை. என் மெஷின்ல இருந்த பழைய லாக்கை சும்மா க்ரெப் பண்ணி (வார்த்தை வச்சுத் தேடி) பாத்தேன், கிடைச்சுடுச்சு! பழைய ஃபார்மட்டோட பார்சர்ல (ஃபைலைப் படிக்கிற கோட்) நெகட்டிவ் நம்பர் வந்தா சத்தமே இல்லாம சீரோவா மாத்திடுமாம், அதைக் கண்டுபிடிச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு ஏழு வரில அழகா விளக்கினது யார் தெரியுமா, லாக்கே வேணாம்னு கொதிச்ச அதே மெயின்டெய்னர். அவருக்கே மறந்துபோச்சு. அந்த ஏழு வரியை மட்டும் இஷ்யூல (ப்ராஜெக்ட் கேள்வி, பக் பதியற பக்கம்) போட்டுக்கலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் "போடு, ஆனா மூணாவது வரில ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்கு, அதைத் திருத்திட்டுப் போடு"ன்னார்.


பழைய_மோடம்:

திருத்தாதே. திருத்தினா அது லாக் இல்ல :)


சாம்பல்_பூனை:

திருத்துங்க. அவர் எழுதினது, அவர் கேக்கறார்.